மூன்றில் ஒரு பங்கு கிணறு: வேலணைக் காணி ஒன்றின் தண்ணீர்க் கணக்கு

கேட்ட கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் உள்ள வேலணையில் அம்மாவின் சீதனக் காணி, நாலு பரப்பு. கிணறு பக்கத்துக் காணியின் எல்லையோரம் இருக்கிறது. உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், அந்தக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு, மிச்சம் பக்கத்துக்காரருக்கு. அவர் இரண்டங்குல மோட்டர் போட்டுத் தோட்டம் செய்கிறார். இரண்டு வருடமாக ஆடி ஆவணியில் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் உவர்க்கிறது. நீங்கள் கனடாவிலிருந்து வந்து வீட்டைத் திருத்தி இருக்கப் போகிறீர்கள். மச்சான் சொல்கிறார்: "பங்குக் கிணற்றை விடு, உன்ரை காணிக்குள்ளேயே நூறடிக்குக் குழாய்க்கிணறு அடி." ஆக, கிணறு யாருக்குச் சொந்தம், அடியில் கிடக்கிற தண்ணீர் யாருக்குச் சொந்தம், மச்சான் சொல்வது சரியா என்று மூன்று கேள்வி.

மூன்றாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். அடிக்காதீர்கள். நூறடியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது கடல் தண்ணீர். ஏன் என்பதை விளக்கினால் மற்ற இரண்டு கேள்விக்கும் பாதிப் பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

தீவுப் பக்கத்தில் ஆறு இல்லை. வெளியிலிருந்து தண்ணீர் வந்து சேருகிற மலையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மாரி மழைதான் வருடம் முழுவதற்குமான வரவு. அது மணலுக்குள்ளும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் இறங்கி, அடியில் ஏற்கெனவே நிறைந்து கிடக்கிற கடல் நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் கொஞ்சம் பாரம் குறைந்தது, உவர்நீர் பாரம் கூடியது. அதனால் உடனே கலந்துவிடாமல், தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் ஒரு வில்லைபோல நன்னீர் மேலே நிற்கும். 

அந்த வில்லை எவ்வளவு தடிப்பு? இதற்கு நூறு வருடத்துக்கும் மேல் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, கைபன்-ஹெர்ஸ்பேர்க் விதி என்பார்கள். கைபன் ஒல்லாந்து நாட்டவர். ஹெர்ஸ்பேர்க் ஜெர்மனியின் வடகடல் தீவு ஒன்றில் குடிதண்ணீருக்குக் கிணறு வெட்டப்போய் இதைக் கண்டவர். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கலாம். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறக்கினால், காலப்போக்கில் கீழே உவர்நீர் நாற்பது அடி மேலே ஏறலாம். அதோடு நாற்பது என்பது பாடப்புத்தகத்துக் கணக்கு. நன்னீருக்கும் உவர்நீருக்கும் நடுவே கத்தியால் வெட்டின மாதிரி எல்லைக்கோடு கிடையாது, கலங்கலான ஒரு பட்டைதான் இருக்கும். குடிக்கக்கூடிய தடிப்பு கணக்கில் வருவதைவிட எப்போதும் குறைவு.

கோடையில் உங்கள் கிணற்றின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடியோ அதற்கும் குறைவாகவோ நிற்கும். அப்படியான இடத்தில் நூறடி அடித்தால் குழாயின் நுனி எங்கே போய் நிற்கும் என்று மச்சானிடமே கேளுங்கள். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். மேல் தண்ணீர் தோட்டத்துக்கு ஆகும், ஆழம் போகப் போக உப்பு. பெருநிலத்தை ஒட்டி அகலமாகக் கிடக்கிற வலிகாமத்துக்கே அந்தக் கதி என்றால், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த வேலணையின் கணக்கு இதைவிட இறுக்கமானது. ஆழமாய்ப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்பது வன்னியிலோ மலையகத்திலோ பழகின ஆக்களின் நினைப்பு. தீவில் அது தலைகீழ்.

ஆழ்துளைக்கு இன்னொரு பிசகும் உண்டு. அது உங்களுக்கு உவரைத் தருவதோடு நிற்காது. மோட்டர் ஓட ஓட, குழாய் நுனியை நோக்கி உவர்நீர் கூம்பாக மேலே எழும்பும். பக்கத்துக் கிணறுகளுக்கும் அது பரவலாம். மோட்டரை நிறுத்தின பிறகும் கூம்பு கீழே இறங்க மாதக்கணக்காகும், சில இடத்தில் மாரிகள் பல போக வேண்டும்.

சரி, இப்போது சொந்தம் யாருக்கு என்ற கதைக்கு வருவோம்.

உங்கள் உறுதியில் ஏறக்குறைய இப்படி எழுதியிருக்கும்: "…இக்காணிக்கு அயலில் உள்ள கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், வழி வாய்க்கால் தண்ணீர்ப் பாத்தியதையும்…" யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமார் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் வாசகம் இது. நான் பார்த்த பழைய உறுதி ஒன்றில் கிணற்றில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்றிருந்தது. நாலு பிள்ளைக்குக் கால் பங்கு, அந்தக் காலை மூன்று பெண்ணுக்குச் சீதனமாகப் பிரிக்கப் பன்னிரண்டில் ஒன்று, அது மறுபடி நாலாகி நாற்பத்தெட்டு. சிரிக்க வேண்டாம். தோட்டத்துக்கு இறைக்கிற காலத்தில் அந்த நாற்பத்தெட்டில் ஒன்று என்பது எத்தனையாவது நாள், எந்த நேரம் துலா (தண்ணீர் இறைக்கிற ஏற்றம்) உங்களுடையது என்பதைத் தீர்மானித்த கணக்கு.

அந்த வாசகத்தில் இரண்டு வேறு வேறு உரிமை இருக்கிறது, இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலரும் கோட்டுக்குப் போய்க் காசை இழக்கிறார்கள். கிணற்றில் பங்கு என்றால் நீங்கள் அந்தக் கிணற்றின் கூட்டுச் சொந்தக்காரர். கிணற்றின் வடக்குப் பக்கம் என்னுடையது, தெற்குப் பக்கம் உன்னுடையது என்று பிரியாது. முழுக் கிணற்றிலும் பிரிக்கப்படாத மூன்றில் ஒன்று உங்களுடையது. வழி வாய்க்கால் பாத்தியதை என்பது மற்றவர் காணிக்குள்ளால் நடந்துபோய்த் தண்ணீர் எடுக்கவும், வாய்க்கால் வழியே கொண்டுவரவும் உள்ள உரிமை. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் ஒல்லாந்தச் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் பொதுச் சொத்தை நியாயமான அளவில் பாவிக்கலாம், மற்றவரின் பாவனையைக் கெடுக்கும் விதமாக அதை மாற்றியமைக்க முடியாது. இரண்டங்குல மோட்டர் போட்டு மற்றப் பங்காளி குடிக்க முடியாதபடி தண்ணீரைக் கெடுப்பது இந்த வரிக்குள் வருமா? வரும் என்று வாதாட இடம் இருக்கிறது. வெல்லும் என்று நான் எழுதித் தரமாட்டேன்.

"முப்பது வருடம் ஊரில் இல்லை, பங்கு போய்விட்டதா?" என்று தனியாக ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி காலியானது. வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு எங்கும் கிணறுகள் பத்தை மூடிக் கிடந்தன. ஆகவே இது உங்களுக்கு மட்டுமான கேள்வி அல்ல. 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி, எதிரான உரிமையோடு பத்து வருடம் தடையின்றி ஆண்டால் சொந்தம் கொண்டாடலாம். ஆனால் கூட்டுச் சொந்தக்காரர்களுக்குள் அது அவ்வளவு லேசல்ல. ஒருவர் ஆள்வது எல்லாருக்காகவும் ஆள்வதாகத்தான் கொள்ளப்படும் என்று 1911இலேயே, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஒரு இலங்கை வழக்கில் சொல்லிவிட்டது. பக்கத்துக்காரர் உங்களை வெளிப்படையாக மறுத்து விலக்கியதை அவர்தான் நிறுவ வேண்டும். வெறும் தண்ணீர் அள்ளும் பாத்தியதை மட்டும் என்றால் நிலைமை இவ்வளவு உறுதியில்லை, நீண்ட காலம் பாவிக்காமல் விட்டது அங்கே உங்களுக்கு எதிராக வரலாம். போர்க்காலத்தில் உரிமையைத் தேடிப்போக முடியாமற்போனவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டமும் வந்தது. உறுதியைத் தமிழ் உறுதி வாசிக்கத் தெரிந்த உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி, உங்கள் வாசகம் இந்த இரண்டில் எது என்று முதலில் எழுதி வாங்குங்கள். பங்கை விற்கிற வாங்குகிற எண்ணம் யாருக்காவது இருந்தால் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையின் முன்கொள்வனவு உரிமையும், அதாவது வெளியாருக்கு முன் வாங்கிக்கொள்ளும் உரிமையும், குறுக்கே வரும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது கூட்டுப் பங்காளருக்கும் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் என்று சுருங்கிவிட்டாலும், இன்னும் இருக்கிறது.

இவ்வளவும் கிணற்றைப் பற்றித்தான். தண்ணீர்?

தண்ணீரை எந்த உறுதியும் பிரிக்கவில்லை. தன் நிலத்தின் கீழ் ஊறுகிற நீரை நிலத்துக்காரர் எடுக்கலாம் என்பதுதான் பழைய சட்டங்களின் பொதுவான போக்கு. இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. நிலத்தடி எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தில் எழுதிய விதி. இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு அந்த விதி எவ்வளவு அபத்தம் என்பதை உங்கள் காணியை வைத்தே பார்க்கலாம்.

ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், அதாவது சுமார் 253 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1,250 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பரப்பில் விழுகிற மொத்த மழை ஏறக்குறைய 3,16,000 லீற்றர். இதில் ஆவியாகிறது, மரம் குடிக்கிறது, கடலுக்கு ஓடுகிறது. தாராளமாகக் கால்வாசி நிலத்துக்குள் இறங்கியது என்றே வைப்போம்: 79,000 லீற்றர். இரண்டங்குல மோட்டர் நிமிடத்துக்கு 450 லீற்றர் தள்ளுமென்றால், அந்தப் பரப்பின் ஒரு வருட வரவை இறைத்து முடிக்க மூன்று மணித்தியாலம் போதும். உங்கள் நாலு பரப்புக்கும் சேர்த்துப் பன்னிரண்டு மணித்தியாலம். பக்கத்துக்காரர் ஒன்றுவிட்ட ஒருநாள் இரண்டு மணித்தியாலம் இறைக்கிறார் என்றால், உங்கள் காணியில் பெய்தது எத்தனை கிழமையில் முடிகிறது? இரண்டு கிழமைக்கு முன்பே. அவருடைய காணிக்கும் இதே கணக்குத்தான். அதுவும் தீர்ந்த பிறகு அவர் எடுப்பது தன் காணியில் பெய்ததும் அல்ல, உங்கள் காணியில் பெய்ததும் அல்ல. அயல் முழுவதும் பெய்த மழை அது. அவர் மட்டும் அல்ல, தீவில் மோட்டர் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஊரின் மழையைத்தான் இறைக்கிறார்கள். எடுத்ததில் ஒரு பங்கு தோட்டத்து மண்ணால் திரும்ப இறங்கும், உண்மைதான். ஆனால் உரத்தையும் கரைத்துக்கொண்டு இறங்கும். வெங்காயம், மிளகாய், புகையிலைக்குப் போடுகிற யூரியா நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு வருவது யாழ்ப்பாணத்தில் ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிற விஷயம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார அமைப்பின் மேல்வரம்பு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் அதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். நைத்திரேற்றுக்கு ருசி இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது.

முந்தின காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. ஆனாலும் கிணறு தாங்கியது. காரணம் துலா.

துலா மிதிப்பதைப் பார்த்த கடைசித் தலைமுறை எங்களுடையதாக இருக்கலாம். ஆடுகாலில் பனைமரத் துலா, அதன் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், இரண்டு பேராகவும் நடப்பதுண்டு. கிணற்றுக்கட்டில் ஒருவர் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையைத் தாழ்த்தி, நிறைந்து வந்ததை வாய்க்காலில் கவிழ்ப்பார். வாய்க்கால் முடிவில் இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவார். விடியப்புறம் நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏற முன் நாரி விட்டுப்போகும். மூன்று பேரின் உடம்பு தாங்குகிற அளவுதான் அன்றைய இறைப்பு. பட்டை மேல் தண்ணீரைத்தான் அள்ளும், அடித் தண்ணீரைக் கலக்காது. ஒருவர் முறை முடிந்து மற்றவர் முறை வரும் வரைக்கும் கிணறு ஊறும். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று உறுதியில் எழுதியபோது, ஒரு பங்கின் உச்ச அளவு என்ன என்பதை எழுதத் தேவைப்படவில்லை. துலா அதைப் பார்த்துக்கொண்டது.

1950கள், 60களில் மண்ணெண்ணெய் மிஷின் வந்தது. பிறகு மின் மோட்டர். உறுதியில் பங்கு அதே பங்கு, வாசகம் அதே வாசகம். துலாவின் இடத்தில் ஒரு சுவிட்ச். உங்கள் சண்டை முழுவதும் அந்தச் சுவிட்சில்தான் இருக்கிறது. பக்கத்துக்காரர் தன் மூன்றில் இரண்டை மீறவில்லை என்று சத்தியம் செய்வார், அது பொய்யும் ஆகாது. எதில் மூன்றில் இரண்டு என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

பழைய காலத்தைப் புகழ்ந்துகொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பங்கு முறைக்குள் வராதவர்கள் ஊரில் பலபேர் இருந்தார்கள். காணி இல்லாதவருக்குக் கிணறு இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றடியில் குடத்தோடு காத்து நிற்க வேண்டும், உரியவர் வீட்டில் யாராவது வந்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். கயிற்றைத் தொடக்கூடாது. சாதியின் பேரால் இப்படி விலக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல்தான் வந்தது, வந்த அன்றே எல்லாக் கிணற்றடியும் திறந்துவிடவில்லை. ஆடுமாட்டுக்குத் தெருவோரம் கேணியும் தண்ணீர்த் தொட்டியும் மாடு உடம்பு உரசுகிற ஆவுரஞ்சிக் கல்லும் தர்மத்துக்கு வைத்த அதே ஊர்தான் இதையும் செய்தது. இன்றும் தீவுப் பகுதியில் பவுசர் (தாங்கி லொறி) கொண்டுவருகிற தண்ணீருக்குப் பரலை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பவர்கள் யார் என்று போய்ப் பாருங்கள். நல்ல தண்ணீர்க் கிணறுள்ள காணி யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதன் மிச்சம் அந்த வரிசையில் தெரியும்.

பவுசர் என்றவுடன் சாட்டி நினைவுக்கு வரும். வேலணையின் தென்கரையில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற இடம், ஆனால் நல்ல தண்ணீர். வெளியூரார் நம்பமாட்டார்கள். காரணம் மணல். மண்கும்பான், சாட்டிப் பக்கத்து மணல்மேடுகள் மழையை அப்படியே உறிஞ்சி, மெதுவாக வடிகட்டி வைத்திருக்கும். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பு வழியே தண்ணீர் விரைவாக ஓடிக் கடலுக்குப் போய்விடும், மணலில் நிற்கும். அப்படிப்பட்ட மணலைக் கட்டடத்துக்கென்று லொறி லொறியாக அள்ளுவதை நான் தண்ணீர்த் தாங்கியை உடைத்து விற்பதாகத்தான் பார்க்கிறேன். நெடுந்தீவிலும் இதே கதை. கல்லும் வெட்டையுமான தீவில் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகள்தான் ஊரின் குடிதண்ணீரைத் தாங்கின.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். நீர்வளச் சபை 1964ஆம் ஆண்டு 29ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, நிலத்தடி நீர் அதன் பொறுப்பு. ஆனால் வீட்டுக் கிணற்றில் எத்தனை குதிரைவலு மோட்டர், எத்தனை மணித்தியாலம் என்று உங்கள் பக்கத்துக்காரரிடம் வந்து கேட்கிற ஏற்பாடு நடைமுறையில் இல்லை. இலட்சத்தீவுக் கதை ஒன்று இதற்குப் பொருத்தம். அங்கே பவளத் தீவு, ஆனால் இதே வில்லை, இதே கிணறு. அரசு நிர்வாகமே மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைத்து விநியோகிக்கப் போனபோது, நன்னீர் கெட்டுவிடும் என்று தீவுக்காரர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1990இல் தீர்ப்பு வந்தது: நல்ல தண்ணீரும் நல்ல காற்றும் உயிர்வாழும் உரிமையின் பகுதி, கண்டபடி இறைத்து அதைக் கெடுக்க முடியாது. நம் நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் சட்டத்தரணியிடம் போகும்போது கையில் வைத்திருக்க வேண்டிய வாதம். மாலைதீவின் தலைநகரான மாலேயில் யாரும் நேரத்தோடு கேட்கவில்லை. அங்கே நிலத்தடி நன்னீர் கெட்டுப்போய், 1988இலிருந்து கடல் நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கும் அந்தக் காலம் வந்துவிட்டது: 2024இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடிய கடல்நீர் நிலையம் திறந்தார்கள். குழாய் உங்கள் படலைக்கு வந்தால் இணைப்பை எடுங்கள், குடிக்க அதைப் பாவியுங்கள். குளிக்க, கழுவ, தென்னைக்கு விட கிணறுதான். ஆகவே கிணற்றைக் காப்பாற்றுகிற வேலை குழாய் வந்தாலும் மிச்சம் இருக்கும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது.

மோட்டரின் ஃபுட் வால்வ், அதாவது தண்ணீரை உறிஞ்சுகிற குழாயின் நுனி வால்வ், எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது கிணற்றில் அது அடிமட்டத்தில் கிடக்கும், தண்ணீர் வற்றினாலும் எட்டட்டும் என்று. மிக உவரான தண்ணீர் இருக்கிற இடமும் அதுதான். ஒரு ஆவணி மாதம் வேலணைக் கிணறு ஒன்றில் உப்பை அறிய உதவும் மின்கடத்துதிறன் மீற்றரின் நுனியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். மேலே ஆயிரத்துச் சொச்சம் மைக்ரோசீமன்ஸ் (உப்புக் கூடக் கூட இந்த எண்ணும் கூடும்), குடிக்கலாம். அடியில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். வீட்டுக்காரர் வருடக்கணக்காக அடித் தண்ணீரை இறைத்துக் குடித்துக்கொண்டு "கிணறு கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வெறும் பிளாஸ்ரிக் கானை மூடி இறுக்கி மிதக்கவிட்டு, வளையக்கூடிய குழாயோடு வால்வை அதில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கவிட்டோம். மட்டம் இறங்கினால் வால்வும் கூடவே இறங்கும். பட்டை செய்த வேலையை அது செய்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் தேத்தண்ணி கரித்ததாகக் கேள்விப்படவில்லை.

இறைப்பு அளவையும் மாற்ற வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலம் பெரிய மோட்டரால் இழுப்பதைவிட, அரைக் குதிரைவலு மோட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மேல் தாங்கியில் சேர்ப்பது வில்லைக்குச் சேதம் குறைவு. தோட்டக்காரருக்கு இது கஷ்டமான கோரிக்கை என்று எனக்குத் தெரியும், அவருக்கு வாய்க்காலில் வேகம் வேண்டும். சொட்டு நீர்ப்பாசனத்துக்கு மாறினால் வேகம் தேவைப்படாது. அந்தச் செலவில் ஒரு பங்கை நீங்கள் கொடுத்தால், கோட்டுச் செலவைவிடக் குறைவாகவே முடியும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

குழாய்க்கிணற்றுக்கு ஒதுக்கின காசில் கூரைத் தண்ணீருக்கு ஒரு தொட்டி கட்டுங்கள். நூறு சதுர மீற்றர் கூரையில் வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் லீற்றர் விழுகிறது. நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் என்றாலும் வருடத்துக்குப் பதினையாயிரம் லீற்றருக்குள் முடியும். மிச்சத்தைக் காணிக்குள்ளேயே மறித்து இறக்குங்கள். முந்தி வயலுக்கும் தோட்டத்துக்கும் வரம்பு உயர்த்திக் கட்டி மாரித் தண்ணீரை வெளியே போகவிடாமல் வைத்தது இதற்குத்தான். இப்போது முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்து, தண்ணீரை ஒழுங்கைக்குத் திருப்பிவிட்டு, பிறகு கிணறு ஊறவில்லை என்கிறோம்.

மலசலகூடக் குழி விஷயத்தில் பொதுவாகச் சொல்கிற ஐம்பதடி இடைவெளி சுண்ணாம்புக் கல்லில் போதாது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் கழிவு போகும். வீட்டைத் திருத்தும்போது அடி மூடிய தொட்டியாகவே கட்டுங்கள். வீட்டுக்கு உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. மிஷின் பூட்டுகிற எண்ணம் இருந்தால், அது கழித்துவிடுகிற உவர்நீரைக் கிணற்றடிக் குழிக்கு விடாதீர்கள், அதே உப்பு இன்னும் தடித்துத் திரும்பி வரும். கிணற்றுக்குள் நெல்லிக்குற்றி போடச் சொல்வார்கள் சிலர். போடுங்கள், ருசி கொஞ்சம் மாறலாம், உப்பை அது எடுக்காது.

பக்கத்துக்காரரோடு கதைக்கும்போது பங்கில் தொடங்க வேண்டாம். பங்கு என்று வாய் திறந்தவுடன் அவர் உறுதியை எடுத்துவருவார், நீங்கள் உங்களுடையதை எடுப்பீர்கள், அதற்குப் பிறகு தேத்தண்ணி வராது. மணித்தியாலத்தில் தொடங்குங்கள்: எந்த மாதத்தில் எத்தனை மணித்தியாலம், வால்வ் எந்த உயரத்தில், உப்பு எந்த அளவைத் தாண்டினால் இரண்டு பேரும் இறைப்பை நிறுத்துவது. ஒத்துக்கொண்டதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள், முடிந்தால் நொத்தாரிசு முன்னால். பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு வரிகூட அதில் வரக்கூடாது.

வரும்போது கனடாவிலிருந்தே கையடக்க மின்கடத்துதிறன் மீற்றர் ஒன்று வாங்கி வாருங்கள், பெரிய விலையில்லை. ஆடி மாதம் காலையில், அவர் மோட்டர் போட முன், அவரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, மேல் தண்ணீரிலும் அடித் தண்ணீரிலுமாக இரண்டு வாசிப்பு எடுங்கள். பிறகு அவரையே மோட்டரைப் போடச் சொல்லி, ஒரு மணித்தியாலம் கழித்து அதே இரண்டு இடத்திலும் மறுபடி எடுங்கள். மீற்றரை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.